பனிமலைக்குப் போகும் வழியில் நாலு வீட்டு விருந்து

ஹனிமூன் எங்கே என்று என்னை முதலில் கேட்டவன் செல்வா. ஒக்லண்டில், பென்ரோஸ் பக்கத்தில் எங்கள் இறைச்சிக் கொம்பனியின் குளிரறைக்குள் நின்று கேட்டான். நான் போர்க்லிஃப்டில் உறைந்த இறைச்சிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் புகை வருகிற இடம் அது. அங்கே யாரும் அதிகம் கதைப்பதில்லை. எனக்குப் பொருத்தமான வேலை.

செல்வா மதுரைக்காரன். படிக்க வந்தவன். வாரக் கடைசியில் எங்களோடு வேலை.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இன்னும் எங்கயும் போகலையாண்ணே?"

"எங்கை போறது?"

"எங்கூர்ல ஊட்டி போவாங்க, கொடைக்கானல் போவாங்க. மலை, குளிரு. அதான் ஹனிமூன்."

"குளிருக்கு இஞ்சை என்ன குறை?"

"அண்ணே, பொண்டாட்டிய இந்த ஃப்ரீசருக்குள்ளயா கூட்டிட்டு வருவீங்க? சவுத் ஐலண்டுக்குப் போங்க. பெரிய பெரிய பனிமலை இருக்கு. கார்லயே போங்க. ரெண்டு பேரு மட்டும்."

பனிமலை எனக்குப் பெரிய விசயமாகப் படவில்லை. ரெண்டு பேர் மட்டும் என்றது மண்டையில் நின்றுவிட்டது.

அப்போது நாங்கள் கிளென் ஈடனில் அக்கா வீட்டில் இருந்தோம். அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான், வசந்தி. மூன்று அறை. மெல்லிய சுவர். அத்தான் புரண்டு படுத்தால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் கதைத்தால் அவர்களுக்குக் கேட்கும். ஆகவே கதைப்பதில்லை. காலையில் நான் வேலைக்குப் போகும்போது வசந்தி நித்திரை. பின்னேரம் நான் வரும்போது அக்காவோடு குசினியில் நிற்பாள். பிறகு சாப்பாடு. பிறகு எல்லாரும் சேர்ந்து வீடியோவில் படம்.

போட்டோ அனுப்பிப் பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது. வசந்தி கொழும்பிலிருந்து வந்தவள். ஏ.எல்., அதாவது யூனிவர்சிட்டி வாசல் வரைக்கும் படித்தவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவளுடைய தமையன் டொரொன்டோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். "அந்தத் தீவிலை என்ன இருக்கு? ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ" என்பார். போனைக் காதில் வைத்தவளுக்கு மட்டுமல்ல, குசினியில் நிற்கிற அக்காவுக்கும் அது கேட்கும். குரல் அப்படி. வசந்தி ஒவ்வொரு முறையும் "பிறகு பாப்பம் அண்ணா" என்பாள்.

அது என்னை அரித்தது. நான் ஒக்லண்டை விட்டுப் போகிறதாக இல்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வவுனியா, வவுனியாவை விட்டுக் கொழும்பு, கொழும்பை விட்டு பாங்கொக், பிறகு இங்கே. இன்னொரு முறை பெட்டி கட்ட என்னிடம் தெம்பு இல்லை. அவளுக்கு இங்கே இருக்க விருப்பமா, இல்லையா? அதை ஒருக்கால் கேட்க வேண்டும். தனியக் கேட்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால் கேட்டால் எந்தப் பெண்ணும் ஓம் என்றுதான் சொல்லுவாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். "நானும் வசந்தியும் சவுத் ஐலண்டுக்குப் போறம். காரிலை."

அக்கா புட்டுப் பாத்திரத்தோடு நின்றாள். "நல்லது. எல்லாரும் போவம். அத்தானுக்கும் லீவு கிடக்கு."

அக்காவின் மகளுக்குத் தமிழ் விளங்கும். பதில் இங்கிலிசில்தான் வரும். "அம்மா, அது ஹனிமூன். ரெண்டு பேர்தான் போறது. நீங்களும் போனால் ஆக்கள் சிரிப்பாங்கள்" என்று அவள் தன் பாசையில் சொன்னாள்.

"ரெண்டு பேர் போனால் ஆர் சமைக்கிறது?" என்று கேட்டாள் அக்கா.

அத்தானுக்குப் புரையேறிவிட்டது. வசந்தி சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை.

அக்கா வருவதை விட்டுக்கொடுத்தாள். திட்டம் போடுவதை விட்டுக்கொடுக்கவில்லை. பெட்ரோல் ஸ்டேசனில் வாங்கிய மேப்பை மேசையில் விரித்தேன். நான் ரோட்டைப் பார்த்தேன். அக்கா வீடுகளைப் பார்த்தாள்.

"ஹமில்டனிலை பரா அண்ணை. பாமர்ஸ்டன் நோர்த்திலை சிவா. வெலிங்டனிலை விமலா. கிறைஸ்ட்சேர்ச்சிலை விமலான்ரை தமக்கை கமலா. வேறை என்ன வேணும்?"

"மோட்டலிலை நிக்கலாம் அக்கா."

"மோட்டலோ? எங்கடை ஆக்கள் இருக்கேக்கை மோட்டலிலை நிண்டால் அவையளுக்கெல்லோ மானக்கேடு. புதுசாக் கல்யாணம் முடிச்சதுகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு குடுக்கேல்லை எண்டு சனம் கதைக்காதோ?"

எங்களிடம் இது வழக்கம். புதுச் சோடியைத் தெரிந்த வீடுகள் எல்லாம் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். ஊரில் என்றால் நாலு ஒழுங்கைக்குள் முடிந்துவிடும். இங்கே ஆட்கள் நாடு முழுக்கப் பரவிக் கிடக்கிறார்கள். விருந்தும் அப்படியே பரவும்.

நான் அடுத்த மறுப்பை யோசித்து முடிப்பதற்குள் அக்கா போனில் இருந்தாள். ஹமில்டனில் கோழிக்குச் சொல்லியாயிற்று.

புறப்படும் முன் வேலையிடத்தில் ஃபோர்மனிடம் குளிர் ஜாக்கெட் இரண்டு இரவல் கேட்டேன். அவர் சமோவாக்காரர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "கிழமை முழுக்க ஃப்ரீசருக்குள் நிற்கிறவன் லீவு எடுத்துக்கொண்டு அதைவிடப் பெரிய ஃப்ரீசரைப் பார்க்கப் போகிறான்" என்று சொல்லி எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஜாக்கெட்டைத் தந்தார்.

அத்தான் காருக்கு எண்ணெய் மாற்றி, டயர் பார்த்து, பின்பக்கத்தில் அரிசியும் ரைஸ் குக்கரும் ஏற்றினார். அக்கா நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கார் உருளாமல் இருக்கவா இது என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். விளக்குவதற்கு அதைவிட நேரம் எடுக்கும். தேசிக்காயை நசித்துக்கொண்டு புறப்பட்டோம்.

முதல் நாள் ஹமில்டன் மட்டும்தான். இரண்டு மணித்தியாலம் கூட இல்லை. மோட்டர்வேயில் ஏறியதும் கேள்வியைக் கேட்கலாம் என்று இருந்தேன். ஏறினோம். லொறிகள் அதிகமாக இருந்தன. லொறி குறைந்ததும் கேட்கலாம் என்று நினைத்தேன். குறைந்தது.

"குளிருதோ?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றாள்.

இரண்டு பக்கமும் பச்சைப் புல்லும் மாடுகளும். ஊரில் மாட்டுக்குப் புல் தேடுவார்கள். இங்கே புல்லுக்கு மாடு போதாது. இதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹமில்டன் வந்துவிட்டது.

பரா அண்ணை கேட்டுக்கு வெளியே நின்றார். நாங்கள் இறங்க முதலே வசந்தியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என்னை ஹோலில் இருத்தினார்கள். ஆம்பிளையள் ஹோலில், பொம்பிளையள் குசினியில். அதுதான் ஒழுங்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடலாம் என்றேன்.

"என்ன தம்பி பகிடி விடுறீர்? இரவைக்கு இடியப்பம் அவிக்க மா குழைச்சாச்சு."

இரவும் நின்றோம். வீடு நிறைய ஆட்கள். புதுப்பெண்ணைக் காண அயலில் இருந்தும் வந்துவிட்டார்கள். வசந்திக்குப் பரா அண்ணையின் மனைவியோடு அறையில் படுக்கை. எனக்கு சோபா. பரா அண்ணை எதிர்ச் சோபாவில் படுத்துக்கொண்டு நாட்டு அரசியல் சொன்னார். நான் உம் கொட்டினேன். கொட்டுவதை நிறுத்தியும் அவர் நிறுத்தவில்லை.

அடுத்த நாள் ஓட்டம் நீளம். தாவுப்போ ஏரியைத் தாண்டி ஒரு வெறும் மேட்டு நிலம் வரும். மரமில்லை, வீடில்லை. ஒரு பக்கத்தில் தலை வெளுத்த எரிமலை. அங்கே ரோட்டு வேலை நடந்தது. மஞ்சள் சட்டை போட்ட ஒரு மவோரிப் பெண் தடியில் மாட்டிய 'ஸ்டொப்' பலகையைப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாள். காரை நிற்பாட்டினேன்.

பக்கத்தில் பை திறக்கிற சத்தம் கேட்டது. வசந்தி கொழும்பு அடையாள அட்டையையும் பாஸ்போட்டையும் எடுத்துக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கிவிட்டாள்.

மஞ்சள் சட்டைக்காரி கிட்ட வந்து குனிந்து பார்த்தாள். "அஞ்சு நிமிசம் செல்லும் செல்லங்களே, லொறி ஒன்று திருப்புகிறான். மலையைப் பார்த்துக்கொண்டிருங்கள், இன்றைக்கு நல்லாய்த் தெரியுது" என்றாள். போய்விட்டாள்.

வசந்தி அட்டையை மெதுவாகப் பைக்குள் வைத்தாள். நான் எரிமலையைப் பார்த்தேன். கொழும்பில் ஆமி மறிக்கிற இடங்களில் எனக்கும் கை தானாகத்தான் பைக்குப் போகும். இங்கே வந்து எத்தனையோ காலம் கழித்துத்தான் அது நின்றது. அதைச் சொல்லியிருக்கலாம். பலகை 'கோ' என்று திரும்பிவிட்டது. கியரைப் போட்டேன்.

பாமர்ஸ்டன் நோர்த்தில் சிவா வீட்டில் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, கணவாய், இறால், கோழி. எல்லாம் ஒரே இரவில். சாப்பிட்ட பிறகு சிவா தன்னுடைய கல்யாண வீடியோவைப் போட்டான். மூன்று மணித்தியாலக் கசட். தாலி கட்ட முதல் எனக்குக் கண் சொருகியது. "அண்ணை, இனித்தான் முக்கியமான கட்டம்" என்று தட்டி எழுப்பினான். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் ஒரு சாளரம் இருந்தது. அதற்குள்ளால் பார்த்தேன். வசந்தி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நாளைக் காலைச் சம்பலுக்காம். கையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெலிங்டனில் காற்று. காரின் கதவைத் திறந்தால் அது தன் பாட்டில் போகப் பார்க்கும். விமலா வீடு ஒரு மேட்டில் இருந்தது. அங்கே விருந்தோடு ஒரு ஆளும் கிடைத்தார். விமலாவின் தகப்பனார். ஊரில் ரெயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். எல்லாரும் ஐயா என்று கூப்பிட்டார்கள்.

"தம்பி, ஐயா கமலா வீட்டுக்குப் போக வேணும். நீங்களும் அங்கைதானே போறியள். ஒரு ஆள்தானே" என்றாள் விமலா.

ஐயா வெள்ளை வேட்டிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு ஏற்கெனவே ஆயத்தமாக நின்றார். "பின்சீற்றிலை இருந்தால் எனக்குச் சத்தி வரும்" என்றார். முன் கதவைத் திறந்து ஏறினார். வசந்தி பின்னால் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் இருந்தாள். ஹனிமூன் இப்படித்தான் காரோடு சவுத் ஐலண்டுக்குக் கப்பல் ஏறியது.

கடல் குழம்பியிருந்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து யோசித்துப் பிறகுதான் மறுபக்கம் சாயும். வெள்ளைக்காரர்களே கடதாசிப் பைக்குள் முகத்தை வைத்துச் சத்தி எடுத்தார்கள். வசந்தியும் படுத்துவிட்டாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா மட்டும் கண்ணாடி ஓரத்தில் இருந்து விமலா கட்டிக் கொடுத்த வடையைச் சாப்பிட்டார். பின்சீற்றில் மட்டும் வருகிற சத்தி போலிருக்கிறது.

"தம்பி, ஒண்டு சாப்பிடும்."

"வேண்டாம் ஐயா."

"ரெயிலெண்டால் இந்த ஆட்டம் இல்லை" என்றார்.

கரையில் இறங்கிக் காரில் ஓடினோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. பாறைகளில் கடல்நாய்கள் வெயில் காய்ந்தன. மலையின் உச்சியில் பனி. வடிவான இடம். ஐயா ரோட்டுக்குப் பக்கத்தில் போகிற தண்டவாளத்தைத்தான் பார்த்தார். எந்த இடத்தில் இரட்டைப் பாதை போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். காரின் நடுக் கண்ணாடியில் பார்த்தால் வசந்தி நெற்றியை ஜன்னலில் வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று ஐயா கழுத்தைத் திருப்பினார்.

"பிள்ளை, உமக்கு இந்த நாடு பிடிச்சிருக்கோ?"

நான் ஸ்டியரிங்கை நேராக்கினேன். நான் கிளென் ஈடனிலிருந்து வைத்துக்கொண்டு வந்த கேள்வி. ஒரு வடை சாப்பிட்ட தெம்பில் கேட்டுவிட்டார்.

"ஓம் ஐயா" என்றாள் வசந்தி.

"பிறகென்ன" என்று ஐயா தண்டவாளத்துக்குத் திரும்பினார்.

நான் பயந்தபடியே நடந்தது. பெரியவர் கேட்டார், பிள்ளை ஓம் என்றது. அதில் ஒன்றும் இல்லை. இனி நான் கேட்டாலும், இப்பதானே சொன்னனான் என்று விட்டுவிடுவாள். அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை. அது என் வழக்கமான மௌனம் இல்லை என்று யாருக்கும் தெரிந்திராது.

கிறைஸ்ட்சேர்ச்சில் கமலாக்கா ஒடியல் கூழ் காய்ச்சி வைத்திருந்தாள். காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, கனடாவிலிருந்து ஆள் மூலம் வந்ததாம். அவள் புருசன் நாதன் அண்ணை மேசையில் தட்டிச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாருமா மலைக்குப் போறம். ரெண்டு கார். பிள்ளையளும் வருவினம், ஐயாவும் வருவார். பிரியாணி கட்டிக்கொண்டு போவம்."

"உங்களுக்கு ஏன் அண்ணை கரைச்சல்" என்றேன்.

"என்ன கரைச்சல்? புது இடத்திலை உங்களைத் தனிய விடுறதோ?"

கூழில் ஒரு நண்டுக்கால் கிடந்தது. அதைக் கடித்தேன்.

சனிக்கிழமை காலையில் நாதன் அண்ணைக்கு வேலை. மலை ரோட்டுக்குச் சில்லில் மாட்டுகிற சங்கிலி வேண்டும். நீர் போய் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வாரும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் காருக்கு இறங்கினேன். பின்னால் காலடி கேட்டது.

"நானும் வாறன்" என்றாள் வசந்தி.

"வெங்காயம் கிடக்குப் பிள்ளை" என்றாள் கமலாக்கா வாசலில் நின்று.

"வந்து வெட்டுறன் அக்கா."

ஊருக்கு வெளியே ஒரு பெட்ரோல் ஸ்டேசனில் சங்கிலி கொடுத்தார்கள். கொடுத்தவன் வானத்தைப் பார்த்தான். "எப்போது போகிறீர்கள்?" என்று கேட்டான். நாளைக்கு என்றேன். "நாளைக்கு நம்ப முடியாது. போகிறதென்றால் இன்றைக்குப் போ. இதைவிட நல்ல நாள் கிடைக்காது" என்றான்.

காரில் ஏறினேன். அவன் சொன்னதை வசந்தியும் கேட்டாள். அவளுக்கு என்னைவிட இங்கிலிஸ் விளங்கும். இடது பக்கம் திரும்பினால் கமலாக்கா வீடு. வலது பக்கம் மலை. சிக்னலைப் போடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வசந்தி சீற்பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள்.

வலது பக்கம் திருப்பினேன்.

ஒரு சின்ன ஊரில் பசித்தது. எங்களிடம் சாப்பாடு இல்லை. ஒக்லண்டை விட்டுப் புறப்பட்ட பிறகு எங்களிடம் சாப்பாடு இல்லாத முதல் நேரம் அதுதான். ஒரு பேக்கரியில் நின்றோம். நான் வேலையில் மத்தியானத்தில் சாப்பிடுகிற பையைக் காட்டி இரண்டு கேட்டேன். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடுகிற பை.

வசந்தி என் கையைப் பிடித்தாள். "அது மாடு."

"இல்லை, ஆடு. நான் ஒவ்வொரு நாளும் சாப்பிடுறனான்."

"பலகையிலை எழுதியிருக்கு. மாடு."

பலகையைப் பார்த்தேன். பிறகு கடைக்காரப் பெண்ணைப் பார்த்தேன். மாடுதான் என்று அவள் சந்தோசமாகத் தலையாட்டினாள்.

"எவ்வளவு காலமாய்ச் சாப்பிடுறியள்?"

"வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு."

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பொத்தவும் முடியாமல் ஒரு கதிரையில் இருந்து சிரித்தாள். கடைக்காரப் பெண்ணும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள். "கோயிலிலை திருநீறு வாங்கி நெத்தி நிறையப் பூசுறியள். அதுவும் இந்த வாயோடை" என்றாள் வசந்தி.

"அக்காவுக்குச் சொல்லாதேயும்."

"பாப்பம், நடக்கிற விதத்தைப் பொறுத்து" என்றாள்.

முட்டை பை வாங்கிச் சாப்பிட்டோம். நல்லாய்த்தான் இருந்தது. மாட்டுப் பை போல இல்லை. அதை நான் சொல்லவில்லை.

பிறகு மலை. முதலில் மண்ணிறமாக ஏறியது. பிறகு நிழல் பக்கங்களில் வெள்ளை. பிறகு எல்லாப் பக்கமும் வெள்ளை. வெயில் அடித்தது, கண் கூசியது. குளிரறைக்குள் இருக்கிற பனி பழுப்பு நிறம், இறைச்சி மணம். இது வேறு. நான் காரை ஓரத்தில் விட்டுச் சங்கிலி மாட்டினேன். வசந்தி வேலையிடத்து ஜாக்கெட்டைப் போட்டு இறங்கினாள். அது முழங்கால் வரைக்கும் வந்தது. முதுகில் கொம்பனிப் பெயர். பனியை ஒரு பிடி எடுத்து மணந்து பார்த்தாள். நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"ஒரு ருசியும் இல்லை."

"ஓம்" என்றேன்.

அந்த மலைகளில் கியா என்று ஒரு கிளி இருக்கிறது. ஊர்க் கிளி போலச் சின்னது இல்லை. சேவல் அளவு. பாசிப் பச்சை. பயம் என்பது இல்லை. நான் குனிந்து நின்ற நேரம் இரண்டு வந்து காரின் மேல் இறங்கின. ஒன்று வைப்பர் றப்பரைச் சொண்டால் பிடித்து இழுத்தது. மற்றது பார்த்துக்கொண்டு நின்றது. முறை வைத்து வேலை செய்கிறார்கள் போல.

"ஏய்!"

மலை முழுக்கக் கேட்டது. வசந்திதான். ஜாக்கெட்டின் கைகள் பறக்க ஓடி வந்தாள். "போ சனியனே! உனக்கு வேறை சாப்பாடு இல்லையோ? விடு அதை! விடடா எண்டால்!"

கிளி தலையைச் சரித்து அவளைப் பார்த்தது. பிறகு றப்பரோடு பறந்தது. அவள் பனியை உருட்டி எறிந்தாள். அது என் தோளில் பட்டது.

எனக்கு அவ்வளவு நாளும் அந்தக் குரல் தெரியாது. எங்கள் அறையில் நான் கேட்டதெல்லாம் "தண்ணி வேணுமோ", "லைற்றை நிப்பாட்டட்டோ" என்கிற குசுகுசுப்பு. இப்படி ஒரு தொண்டை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மலைக் கணவாய்க்குக் கீழே ஒரு சின்னக் குடியிருப்பு. தேத்தண்ணிக் கடை ஒன்று, வாசலில் டெலிபோன் பெட்டி ஒன்று. உள்ளே இருந்து தேத்தண்ணி குடித்தோம். வேறு ஆட்கள் இல்லை. கடைக்காரர் பின்னால் போய்விட்டார். கேட்பதற்கு இதைவிட இடம் வராது.

"ஐயா கேட்டதைத்தான் நானும் கேக்க இருந்தனான்" என்றேன்.

"தெரியும்."

"எப்பிடி?"

"ஐயா கேக்கேக்கை கார் ரோட்டை விட்டு விலகிச்சுது."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவள் தொடர்ந்தாள். இவ்வளவு நீளமாக அவள் கதைத்து நான் கேட்டதில்லை.

"பிடிச்சிருக்கோ எண்டால் நான் என்னத்தைச் சொல்ல? நான் எங்கை இந்த நாட்டைக் கண்டன்? ஒக்லண்டிலையிருந்து கிறைஸ்ட்சேர்ச் மட்டும் வெங்காயம் வெட்டிக்கொண்டெல்லோ வந்தன். ஒவ்வொரு வீட்டுக் குசினியும் தெரியும். எந்த வீட்டிலை கத்தி மொட்டை எண்டு கேளுங்கோ, சொல்லுறன்."

"அண்ணா கனடாவுக்கு வரச் சொல்லுறார்."

"ஓம். இல்லை எண்டால் அண்ணா கோவிப்பார். ஓம் எண்டால் நீங்கள் பயப்பிடுவியள். அதாலை ஒண்டும் சொல்லுறேல்லை." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "டொரொன்டோவிலை எங்கடை சொந்தம் மட்டும் முப்பது வீடு இருக்கும். அங்கை போனால் எனக்குச் சாகும் வரைக்கும் வெங்காயம்தான். நான் போகமாட்டன்."

எனக்கு நிம்மதி. வெளியில் காட்டவில்லை. "சரி" என்றேன்.

"சரியோ? இவ்வளவும் சொல்லுறன், சரி எண்டுறியள்."

"வேறை என்ன சொல்ல?"

"நாட்டைப் பற்றி மட்டும்தானே கேட்டனீங்கள். மற்றதைக் கேக்கேல்லை."

"மற்றது என்ன?"

"இஞ்சை எனக்கு முன்னாலை இருக்கிறது."

எனக்கு முகம் சுட்டது. குளிரறையில் வேலை செய்கிறவனுக்கு அது புது அனுபவம். "அதைக் கேக்கப் பயம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"பயமெண்டால் இப்ப கேக்க வேண்டாம்" என்றாள். "ஆறுதலாக் கேளுங்கோ. நான் எங்கையும் போகேல்லை."

கடைக்காரர் வந்து இன்னொரு தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேரும் ஓம் என்றோம். அவருக்குத் தமிழ் விளங்கியது.

வெளியே வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இந்நேரம் கமலாக்கா வீட்டில் தேடுவார்கள். எங்களிடம் அப்போது கைத்தொலைபேசி இல்லை. டெலிபோன் பெட்டிக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணி பாழாகும்.

"தாங்கோ" என்று வசந்தி வாங்கினாள். நம்பரை அழுத்தினாள்.

"கமலாக்கா? ஓம், வசந்தி. இல்லை அக்கா, ஒண்டுமில்லை. சங்கிலி எடுக்க வந்த இடத்திலை சும்மா ஒருக்கா ரோட்டைப் பாப்பம் எண்டு வந்தம். இப்ப ரோட்டை மூடிட்டினம் அக்கா. ஸ்னோ கொட்டுது."

வெயில் அவள் மூக்கில் விழுந்தது. மலையில் ஒரு முகில் கூட இல்லை. வசந்தி ரிசீவருக்குள் ஒருமுறை ஊதினாள். காற்றாம்.

"கேக்குதோ அக்கா? ஓம், சரியான காத்து. பயமாத்தான் கிடக்கு. இவர் பக்கத்திலை நிக்கிறார், பிரச்சினையில்லை. நாளைக்கும் திறக்கமாட்டினம் போலை. நீங்கள் ஒருத்தரும் வெளிக்கிட வேண்டாம், சொல்லிப் போட்டன். ஐயாவைக் கவனம். ஓம். ஓம். வெங்காயத்தை நீங்களே வெட்டுங்கோ அக்கா, குறை நினையாதையுங்கோ."

போனை வைத்தாள்.

"உடுப்பெல்லாம் அங்கை" என்றேன்.

"அங்கை பத்திரமா இருக்கும்." அவள் கணவாய்ப் பக்கம் பார்த்தாள். ரோட்டு வளைந்து ஏறி மறுபக்கம் இறங்கியது. "அந்தப் பக்கம் என்ன?"

"மேற்குக் கரை. காடு, கடல், மழை. சின்ன ஊர்கள்."

"எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

யோசித்துப் பார்த்தேன். "ஒருத்தரும் இருக்கிறதாக் கேள்விப்படேல்லை."

வசந்தி போய் முன் கதவைத் திறந்தாள். "அப்ப அந்தப் பக்கம் விடுங்கோ" என்றாள்.